ஏழாம் நம்பர் போஸ்ட்

காலை ஆறரைக்கு ப்ரீஃபிங்.
ஆளுக்கொரு பொங்கல் பொட்டலம், இரண்டு தண்ணீர் பாட்டில்,
காதில் வைக்கப் பஞ்சு.
தொப்பி அவரவர் பாடு.
வண்டிக்கு முதுகு காட்டாதே என்பது மட்டும்
வருஷா வருஷம் மாறாத வாக்கியம்.

வாரநாளில் நான் அம்பத்தூரில்
இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கிறவன்,
நசுங்கி முடிந்ததற்கு விலை போடுகிறவன்.
ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில்
இன்னும் நசுங்காததற்குக் காவல்.

துணைக்கு ஹெலன் சுகிர்தா.
அவள் கையில் நீலக்கொடி:
பின்னால் வருகிறவனுக்கு வழிவிடு.
"இத ஆவடி பஸ்ல காட்டுனா எவன் நகருவான்?"
சிரித்து முடிக்கும் முன்பே
பதினெட்டு வண்டிகள் எங்களைக் கடந்து
சட்டையைப் பின்னுக்கு இழுத்தன.

எல்லாம் சொந்தக் காசு.
பழைய எஸ்டீம், கடன் வாங்கிய டயர்,
பற்றவைத்த கம்பிக் கூண்டு,
வீட்டில் சொல்லாத ஒரு தொகை.

எட்டில் ஆறாவது சுற்று.
எழுபத்திரண்டாம் நம்பர் வளைவில் பின்பக்கம் வழுக்கி,
தன்னையே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு,
டயர் சுவரில் போய் முட்டியது.
மூக்கு புழுதியில். வால் தார்மேல்.

மஞ்சளை வீசினேன். தோள் தானாகவே வீசும்.
கண்ணுக்குத்தான் வேலை.

முட்டியவன் கை தூக்குவான். அது வழக்கம்.
கட்டைவிரல் காட்டுவான், இல்லை
கெட்ட வார்த்தை காட்டுவான்.
எதுவானாலும் எங்களுக்கு அது நல்ல சேதி.

ஒன்று.
ஹெல்மெட் குனிந்தபடியே இருந்தது.
இரண்டு.
எழுவது புகையா புழுதியா?
ஹெலன் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிவிட்டாள்.
மூன்று.
வயர்லெஸ்ஸில் கன்ட்ரோல்:
"ஏழு, மஞ்சள் போதுமா? சிவப்பு வேணுமா?
இங்கேருந்து தெரியல. நீங்க சொல்றதுதான்."

எனக்கு இன்னொன்றும் தெரியும்.
கொளத்தூர் ஒர்க்‌ஷாப் பையன் குணாளன்
இந்தச் சுற்றில்தான் முதல் இடத்துக்கு வந்திருந்தான்.
இப்போது நிறுத்தினால் போன சுற்றுக் கணக்குதான் செல்லும்.
போன சுற்றில் அவன் இரண்டாவது.
இதை நினைக்க அரை நொடி செலவானது.
அந்த அரை நொடிக்கு இன்னும் கணக்குக் காட்டவில்லை.

நான்கு.
"சிவப்பு," என்றேன்.

எல்லா போஸ்ட்டிலும் ஒரே சமயம் சிவப்பு விரிந்தது.
வேகம் வடிந்து, கண்ணாடிக்குள் கை உயர்த்தியபடி
ஒவ்வொரு வண்டியாய்க் கடந்தது.
பதினேழு கைகள்.

நானும் ஹெலனும் ஓடினோம்.
கதவைத் திறந்தால்
பெரம்பூர் பல் டாக்டர் அப்துல் வாகித்
சீட்டுக்கடியில் துழாவிக்கொண்டிருக்கிறார்.
"ஒண்ணுமில்ல சார்,
மூக்குக்கண்ணாடி விழுந்துடுச்சு."

கன்ட்ரோல் சிரிக்கவில்லை. மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.
ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
'ஓட்டுநர் கை தூக்கவில்லை' என்று எழுதினேன்.
அதற்கே இடம் போதவில்லை.

குணாளன் வந்தான். திட்டுவான் என்று நின்றேன்.
"என்னண்ணா பாத்தீங்க?"
"ஒரு கைய பாக்கல."
கொஞ்ச நேரம் டயர் சுவரையே பார்த்தான்.
என் பாட்டிலை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தான்.
மன்னித்தானா, தாகமா,
இரண்டையும் நான் கேட்கவில்லை.

மதியம் இரண்டாவது ரேஸ்.
பரிசோதனை தாண்டி, பம்பர் இல்லாமல்
எழுபத்திரண்டு மறுபடி வந்தது.
எங்கள் வளைவில் மட்டும், சுற்றுக்கொரு தடவை,
ஜன்னலுக்கு வெளியே முழங்கை வரை நீட்டி
டாட்டா காட்டிவிட்டுப் போனார் டாக்டர்.

ஓடும் வண்டியில் கையை வெளியே நீட்டுவது
விதிப்படி குற்றம்.
"எழுதணுமா?" என்றாள் ஹெலன்.
பேனாவைத் திறந்துவிட்டு
அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன்.
நீட்டினார்.
எழுதினேன்.